பருவத்துக்கேற்ப சக்கரம் மாற்றும்போது காற்றழுத்த சென்சார் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பனி பெய்யும் நாடுகளில் குளிர்காலத்துக்கென்று தனியாக வைத்திருக்கும் பனிக்காலச் சக்கரங்களை மாட்டிக் காரை வெளியே எடுத்ததும் டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரிகிறது: லாடம் போன்ற வளைவுக்குள் ஓர் ஆச்சரியக்குறி. டயரில் காற்று குறைந்தால் எச்சரிக்கும் விளக்கு அது. "சக்கரம் மாற்றினால் அப்படித்தான், பழைய செட்டை மறுபடி மாட்டும்போது தானாக அணைந்துவிடும்" என்று நாலைந்து மாதம் அப்படியே ஓட்டுகிறவர்கள் ஏராளம். எல்லாத் தவறுகளிலும் இதுவே மோசமானது. குளிரில் டயரின் அழுத்தம் இறங்கும். அந்தப் பருவம் முழுவதும் எச்சரிக்கை இல்லாமல் ஓட்டுகிறோம் என்பதுதான் இதன் பொருள். ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும் விளக்கு, நெடுஞ்சாலையில் ஆணி ஏறிக் காற்று இறங்கும்போது புதிதாக எதைச் சொல்ல முடியும்?

டயர் கிழிந்து வாகனங்கள் கவிழ்ந்த தொடர் விபத்துகளுக்குப் பிறகுதான் டயர் அழுத்தத்தைக் கண்காணிக்கும் அமைப்புக்கான சட்டம் அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு வந்தது. 2007 செப்டம்பர் முதல் அங்கே விற்பனைக்கு வரும் புதிய கார்கள் அனைத்திலும், 2014 நவம்பர் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய கார்களிலும் இந்த அமைப்பு கட்டாயமானது. உயிர் காக்க வந்த விளக்கு அது. அதை எப்படியாவது அணைத்துவிடுவது நம் வேலை அல்ல. டயரில் சரியான காற்றை நிரப்பி, அந்த நிலையைக் காருக்குக் கற்றுக்கொடுப்பதுதான் வேலை. கீழே சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த வரிசை தலைகீழாவதால் நேர்பவை.

எந்த வகை என்று தெரியாமலே தொடங்குவது

இரண்டு வகை அமைப்புகள் உண்டு. நேரடி வகையில் ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் வால்வோடு இணைந்த சிறு சென்சார் இருக்கும். அது அழுத்தத்தை அளந்து ரேடியோ அலையில் காருக்கு அனுப்பும். மறைமுக வகையில் சக்கரத்துக்குள் எதுவும் கிடையாது. காற்று குறைந்த டயரின் சுற்றளவு சற்றே சுருங்குவதால் அது மற்றவற்றைவிட வேகமாகச் சுழலும். ஏபிஎஸ் பிரேக்குக்காக ஏற்கெனவே இருக்கும் வேக சென்சார்களை வைத்து அந்த வேறுபாட்டைக் கார் கண்டுபிடித்துக்கொள்கிறது.

உங்கள் கார் நான்கு டயர்களின் அழுத்தத்தையும் தனித்தனி எண்ணாகக் காட்டினால் அநேகமாக அது நேரடி வகை. உலோக வால்வு தெரிந்தாலும் அப்படியே ஊகிக்கலாம். ஆனால் ரப்பர் வால்வு என்பதாலேயே உள்ளே சென்சார் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். ரப்பர் வால்வோடு வரும் சென்சார்களும் உண்டு. கையேட்டைப் புரட்டுவதே உறுதியான வழி. இதைத் தெரிந்துகொள்ளாமல், மறைமுக வகைக் காருக்குச் சென்சார் வாங்கிப் பணத்தை வீணாக்குகிறவர்களும், நேரடி வகைக் காருக்குச் சென்சாரே இல்லாத சக்கரங்களை வாங்கி மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

காற்றைச் சரிபார்க்காமல் ரீசெட் அழுத்துவது

மறைமுக வகைக்கு அழுத்தம் எவ்வளவு என்ற எண் தெரியாது. நீங்கள் ரீசெட் செய்யும்போது டயர்கள் எந்த நிலையில் இருக்கின்றனவோ, அதையே சரியான நிலை என்று எடுத்துக்கொண்டு, அதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று மட்டும் பார்க்கும். மாதக்கணக்கில் கிடங்கில் கிடந்த சக்கரங்களில் காற்று இயல்பாகவே இறங்கியிருக்கும். அவற்றை அப்படியே மாட்டிவிட்டு, எரிகிற விளக்கை ரீசெட் பொத்தானால் அணைத்தால், குறைந்த அழுத்தமே சரியானது என்று காருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டீர்கள். தேய்ந்த படிக்கல்லை வைத்து எடை போடுவது போன்றது இது. அதன்பின் வரும் எந்தக் கணக்கும் நம்பத்தக்கதல்ல.

எனவே முதலில் நல்ல கேஜால் (அழுத்தமானியால்) நான்கு டயர்களையும் அளந்து, ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்திலோ கையேட்டிலோ உள்ள அளவுக்குக் காற்று நிரப்புங்கள். டயரின் பக்கச் சுவரில் பொறித்திருக்கும் எண் அந்த டயர் தாங்கும் அதிகபட்ச அழுத்தம். நிரப்ப வேண்டிய அளவு அது அல்ல. பனிக்கால செட் வேறு அளவுடையது என்றால் அதற்குரிய அழுத்தமும் வேறாக இருக்கலாம். காற்று சரியான பிறகே ரீசெட். அதற்குப் பிறகும் கார் சிறிது தூரம் ஓடினால்தான் கற்றல் முடியும்.

நேரடி வகைக் கார்கள் சிலவற்றிலும் இத்தகைய ரீசெட் உண்டு. அங்கும் இதே ஒழுங்குதான்.

வெதுவெதுப்பான அறையில் நிரப்பிவிட்டு மறந்துவிடுவது

ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸ் குறைவுக்கும் டயரின் அழுத்தம் சுமார் 0.1 பார், அதாவது ஒன்றரை பிஎஸ்ஐக்குச் சற்று அதிகமாக இறங்கும். 20 டிகிரியில் இருக்கும் பணிமனையில் 33 பிஎஸ்ஐ நிரப்பிய டயர், வெளியே மைனஸ் 10 டிகிரியில் நின்றால் ஏறத்தாழ 28ஆகிவிடும். ஓட்டை எதுவும் இல்லை, காற்று எங்கும் போகவும் இல்லை. ஆனாலும் டயர் மெலிந்துதான் இருக்கிறது.

அமெரிக்க விதிப்படி பரிந்துரைத்த அழுத்தத்தைவிட 25 சதவீதம் குறைந்தால்தான் விளக்கு எரிந்தாக வேண்டும். 33க்கு அது 25க்கும் கீழே. ஆக, 28இல் ஓடும் கார் வாய் திறக்காமல் இருக்கலாம். விளக்கு எரியவில்லை என்பதாலேயே காற்று சரியாக இருக்கிறது என்று ஆகாது. சக்கரம் மாற்றிய ஓரிரு நாளில், கார் சில மணி நேரம் வெளிக்குளிரில் நின்ற பிறகு, ஓட்டுவதற்கு முன் ஒருமுறை அளந்து பாருங்கள். பிறகு மாதம் ஒருமுறையாவது அளக்க வேண்டும்.

புதிய சென்சார்களைக் காருக்கு அறிமுகம் செய்யாமல் விடுவது

ஒவ்வொரு சென்சாருக்கும் தனி அடையாள எண் உண்டு. காருக்குத் தெரிந்த எண்கள் கேட்காவிட்டால், இரண்டாவது செட்டில் எவ்வளவு நல்ல சென்சார் இருந்தும் பயனில்லை. எண்களைக் கற்றுக்கொள்ளும் வழி காருக்குக் கார் மாறும். சில கார்கள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, குறிப்பிட்ட வேகத்தில் ஓடினால் தாமாகவே கற்றுக்கொள்ளும். சிலவற்றில் கைக்கருவியால் ஒவ்வொரு சக்கரத்தின் சென்சாரையும் வரிசையாக எழுப்ப வேண்டும். இன்னும் சிலவற்றில் ஓபிடி இணைப்பு (காரின் கணினியோடு சோதனைக் கருவியை இணைக்கும் இடம்) வழியாக எண்களைப் பதிய வேண்டும். தாமாகக் கற்கும் கார் வைத்திருப்பவரின் அறிவுரையைக் கேட்டு, ஓபிடி தேவைப்படும் காரை மணிக்கணக்கில் ஓட்டிக்கொண்டிருப்பதில் பலன் இல்லை.

வாங்கும்போதே ஒன்றைக் கவனியுங்கள். வட அமெரிக்கக் கார்கள் பலவும் 315 மெகாஹெர்ட்ஸில் பேசும், ஐரோப்பியக் கார்கள் 433இல். அலைவரிசை பொருந்தாத சென்சாரை எந்தக் கருவியாலும் காருக்குக் கேட்கவைக்க முடியாது. டயரை ரிம்மில் ஏற்றுவதற்கு முன்பே சென்சாரைக் கருவியால் சோதித்துவிட்டால், மறுபடி டயரைக் கழற்றும் செலவு மிச்சம்.

ஆண்டுக்கு இருமுறை இந்த வேலையைச் செய்ய அலுப்பாக இருக்கிறதா? முதல் செட்டின் அடையாள எண்களையே இரண்டாவது செட்டில் நகலெடுக்கும் சென்சார்கள் கிடைக்கின்றன. செட் மாறியதே காருக்குத் தெரியாது. அடிக்கடி மாற்றுகிறவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இதையே. ஒரே நிபந்தனை, கழற்றிய செட்டைக் காருக்குள் ஏற்றிக்கொண்டு ஓட்டாதீர்கள். ஒரே எண்ணில் இரண்டு சென்சார்கள் பேசினால் கார் குழம்பிவிடும். நகல் அல்லாத சென்சார்களிலும், கற்றுக்கொடுக்கும் நேரத்தில் மற்ற செட்டைச் சற்றுத் தள்ளியே வையுங்கள். பக்கத்தில் இருந்தால் தவறான சென்சாரைக் கார் பதிந்துகொள்ள வாய்ப்புண்டு.

கழற்றும்போது எந்தச் சக்கரம் எந்த மூலையில் இருந்தது என்று சாக்பீஸால் எழுதி வைப்பது நல்லது. இடம் மாறினால் சில கார்கள் முன் இடது டயரின் அழுத்தத்தைப் பின் வலது டயருடையதாகக் காட்டும். நீங்கள் தவறான டயருக்குக் காற்றடிப்பீர்கள்.

வால்வை அலட்சியமாகக் கையாள்வது

சென்சார் உள்ள அலுமினிய வால்வுக்கு நிக்கல் பூசிய வால்வு ஊசிதான் சரி. சாதாரணப் பித்தளை ஊசி, சாலையில் தூவும் உப்பின் ஈரத்தில் அலுமினியத்தோடு சேர்ந்து அரித்து இறுகிவிடும். அழகுக்காக மாட்டும் உலோக மூடிகளும் இப்படியே ஒட்டிக்கொள்ளும். முறுக்கித் திறக்கப் பார்த்தால் வால்வே ஒடிந்து சென்சாரோடு போய்விடும். பிளாஸ்டிக் மூடியே போதும்.

டயரை ரிம்மிலிருந்து கழற்றும்போதெல்லாம் வால்வின் ரப்பர் வளையம், வாஷர், நட்டு, ஊசி ஆகியவற்றைப் புதிதாக மாற்றச் சொல்லுங்கள். நட்டை இறுக்க வேண்டிய விசை மிகக் குறைவு. தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு மேல் இறுக்கினால் வால்வு உடையும். டயர் விளிம்பை அமுக்கி விடுவிக்கும் இயந்திரத்தின் தட்டு வால்வுக்குப் பக்கத்தில் இறங்கினால் சென்சார் நொறுங்கும். உள்ளே சென்சார் இருப்பதைக் கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சென்சாரின் பேட்டரி பெரும்பாலும் 5 முதல் 10 ஆண்டுகள் வரை உழைக்கும். அது உள்ளேயே மூடி ஒட்டப்பட்டிருப்பதால் தனியாக மாற்ற முடியாது. ஏழெட்டு ஆண்டு ஆன சென்சார்களின் மேல் புது டயர் ஏற்றுவது சிக்கனம் ஆகாது. அடுத்த ஆண்டே டயரைக் கழற்ற நேரலாம்.

இவ்வளவும் செய்த பிறகும் எச்சரிக்கை விளக்கு மீண்டும் வந்தால், அது எப்படி எரிகிறது என்று பாருங்கள். விட்டுவிடாமல் எரிந்தால் ஏதோ ஒரு டயரில் காற்று குறைவு, கேஜை எடுங்கள். வண்டியைக் கிளப்பியதும் ஒரு நிமிடத்துக்கு மேல் சிமிட்டிவிட்டுப் பிறகு நிலையாக எரிந்தால் கோளாறு அமைப்பில் இருக்கிறது: சென்சார் பேசவில்லை அல்லது காருக்கு அதன் எண் தெரியவில்லை. அப்போது காற்றடித்துப் பயனில்லை, எந்தச் சென்சார் என்பதைக் கருவியால்தான் கண்டுபிடிக்க வேண்டும்.