பழைய தியேட்டரைக் காப்பாற்றக் கிளம்புகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் பக்கத்து ஊரிலிருந்து நாலு பிள்ளைகள் வந்திருந்தார்கள். அவர்கள் ஊர்த் தியேட்டரை விற்கப் போகிறார்களாம், ஊரைத் திரட்டி நிறுத்த வேண்டும் என்றார்கள். பேனர் டிசைன்கூடத் தயாராக இருந்தது. “ஓனர் வீட்டில் பேசியாச்சா?” என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பல வருஷத்துக்கு முன் நானும் இப்படித்தான் பேனரோடு கிளம்பினேன். கூட்டத்துக்கு மைக் மறப்பது, போஸ்டரில் தேதி மாறுவது எல்லாம் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஓனரிடம் போகும் முன் பத்திரிகைக்குப் போவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. எங்கள் ஊர்த் தியேட்டரைக் கட்டிய பெரியவர் இறந்த பிறகு சொத்து ஏழு பங்காகியிருந்தது. விற்பதா வேண்டாமா என்று அவர்களுக்குள் ஆறு மாதமாக இழுபறி. இது எதுவும் எங்களுக்குத் தெரியாது. நேரே நிருபர்களைக் கூப்பிட்டு, “பாரம்பரியக் கட்டடமாக அறிவிக்க வேண்டும்” என்று பேட்டி கொடுத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை செய்தி வந்தது. அறிவித்துவிட்டால் இடத்தை விற்க முடியாது, ஒரு செங்கல்லைக்கூடத் தொட முடியாது என்று பங்காளிகள் பயந்துவிட்டார்கள். இழுத்துக்கொண்டிருந்த கையெழுத்து அந்த வாரமே விழுந்தது. இருபதாவது நாள் கூரை ஷீட்டைக் கழற்றினார்கள்.

அங்கே தரை டிக்கெட் கவுண்டருக்குப் போகும் சந்து ஓர் ஆள் அகலம்தான் இருக்கும். முண்டியடித்துப் போனவர்களின் தோள் பட்டுப் பட்டு இரண்டு பக்கச் சுவரும் வழவழவென்று தேய்ந்திருக்கும். அந்தச் சுவரைத்தான் முதலில் இடித்தார்கள்.

அப்புறம் ஒரு நாள் பெரியவரின் மூத்த மகளைக் கல்யாண வீட்டில் பார்த்தேன். “முன்னாடியே வந்து கேட்டிருந்தா ஒரு வருஷமாவது நிறுத்தி வெச்சிருப்பேனே தம்பி” என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

முதலில் ஓனர் வீட்டுத் திண்ணையில் போய் உட்காருங்கள். பங்காளிகள் எத்தனை பேர், மாதம் எவ்வளவு நஷ்டம், கரண்ட் பில் எவ்வளவு, விநியோகஸ்தர் பங்கு போக என்ன மிஞ்சுகிறது என்று கேளுங்கள். இடத்தின் விலை அவர்கள் கண் முன்னால் நிற்கிறது. நம் ஏக்கத்தைச் சொல்லி அதை ஈடுகட்ட முடியாது. முகப்பில் கடை விடலாமா, பின்பக்கக் காலியிடத்தை மட்டும் கொடுக்கலாமா என்று கணக்கோடு பேச வேண்டும். மும்பையில் 1938இல் திறந்த ஈராஸ் தியேட்டர் பல வருஷம் மூடிக் கிடந்து, 2024இல் ஐமேக்ஸ் திரையோடு மறுபடி திறந்தது. பழைய முகப்பு அப்படியே இருக்கிறது. உள்ளே கடையும் வந்திருக்கிறது. கடை வந்ததில் எனக்கு வருத்தம் இல்லை. மதுரை தங்கம் தியேட்டர் 1952 தீபாவளிக்குப் ‘பராசக்தி’யோடு தொடங்கியது. 2,500 பேருக்கு மேல் உட்கார்ந்து படம் பார்த்த அந்த இடத்தில் இன்று ஜவுளிக்கடைதான் இருக்கிறது.

கையெழுத்தை டிக்கெட் என்று நம்புவது

தியேட்டரை விற்கக் கூடாது என்று எங்கள் மனுவில் 2,300 பேர் கையெழுத்துப் போட்டார்கள். அந்த வெள்ளிக்கிழமை இரவுக் காட்சிக்கு வந்தவர்கள் 31 பேர்.

“கொஞ்ச நாள் மூடி வைக்கலாம்” என்பதற்குத் தலையாட்டுவது

தியேட்டரில் படம் ஓட்டுவதற்கான அரசு அனுமதியான சி-ஃபார்ம் லைசென்ஸ் ஒரு தடவை விட்டுப்போனால் மறுபடி வாங்குவது பெரும்பாடு. கட்டட உறுதி, தீயணைப்பு, மின்சாரம் என்று ஒவ்வொரு சான்றுக்கும் அலைய வேண்டும். பழைய கட்டடம் அதில் தேறுவது கஷ்டம். மாட்டினி மட்டுமாவது ஓடட்டும்.

சொந்த ஜிபே நம்பரில் பணம் வாங்குவது

வேண்டாம். சங்கத்தைப் பதிவு செய்து, வங்கிக் கணக்கு திறந்த பிறகு வாங்குங்கள்.

ஆபரேட்டரை மறப்பது

கோவையில் சாமிக்கண்ணு வின்சென்ட் 1914இல் தொடங்கிய வெரைட்டி ஹால் இன்று இல்லை. அந்தச் சாலைக்கு மட்டும் பெயர் நிலைத்துவிட்டது. எங்கள் ஊரில் அதுவும் கிடையாது. ப்ரொஜெக்டர் பழைய இரும்பு விலைக்குப் போனது. அதை நாங்கள் ஒரு போட்டோகூட எடுத்து வைக்கவில்லை. அதை ஓட்டிய ஆபரேட்டர் அண்ணன் வீட்டுப் பரணில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கிறது. அதில், திரையில் படம் விழ ப்ரொஜெக்டருக்குள் வெளிச்சத்துக்காக எரித்த கார்பன் குச்சிகள், தேய்ந்துபோனவை, ஒன்பது. எந்தக் குச்சி எந்தப் படத்துக்கு எரிந்தது என்று அவரால் இன்னும் சொல்ல முடிகிறது. அடுத்த வாரம் ரெக்கார்டரோடு போகிறேன்.