ஒப்பிட்டுக் குமையும் மனதுக்கு ஒரு நோட்டுப்புத்தகம்

கூடப் படித்தவர் புது வீட்டு வாசலில் நிற்கும் படம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வருகிறது. அடுத்த நொடி வயிற்றைப் பிசைகிறது. அந்த நொடியைத் தடுக்க முடியாது. தன்னை அளக்க வேறு அளவுகோல் கிடைக்காதபோது மனிதர் பிறரை வைத்து அளந்துகொள்கிறார் என்று உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954-லேயே எழுதிவிட்டார். 'இனி ஒப்பிடவே கூடாது' என்று பல்லைக் கடிப்பதும் வீண். அடக்கிய நினைப்பு கூடுதலாகத் திரும்பி வரும் என்று 1987-இல் உளவியலாளர் டேனியல் வெக்னர், வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று ஆட்களிடம் சொல்லி நடத்திய சோதனை காட்டியது. நாம் கைவைக்க வேண்டியது, ஒப்பீடு முடிந்ததும் மனம் எழுதும் தீர்ப்பில்.

மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960-களில் வளர்த்த, எண்ணங்களைச் சோதித்துப் பார்க்கும் அறிவாற்றல் சிகிச்சையில் அதற்கு ஒரு பதிவேடு உண்டு. 40 பக்க நோட்டு போதும். மனம் சுருங்கிய அரை மணி நேரத்துக்குள் எழுதுங்கள்; இரவுக்குத் தள்ளிப்போட்டால் எண்ணத்தின் அசல் வார்த்தைகள் மறந்துவிடும். பக்கத்தில் ஆறு கட்டங்கள்.

முதல் கட்டத்தில் நிகழ்வு, கேமராவில் பதிவாகும் அளவு மட்டும்: 'சித்தப்பா மகன் கிரகப்பிரவேசப் படம் போட்டான்.' 'பீற்றிக்கொண்டான்' என்றால் அது நம் கருத்து. இரண்டில் எண்ணம், மனதில் ஓடிய அதே பேச்சில்: '35 வயசாச்சு, ஒண்ணுமே சாதிக்கலை.' 'நான் மட்டும் ஏன் இப்படி?' என்று கேள்வியாக வந்தால் அதைக் கூற்றாக மாற்றுங்கள். கேள்விக்கு ஆதாரம் தேட முடியாது. மூன்றில் உணர்வும் 0 முதல் 100 வரை அதன் அளவும்: அவமானம் 80, பொறாமை 60. பொறாமையை எழுதப் பலர் கூசுவார்கள். எழுதாமல் விட்டால் கணக்கு உதைக்கும்.

நான்காவது கட்டம், எண்ணத்துக்குச் சாதகமான ஆதாரம். சொந்த வீடு இல்லை என்பது உண்மை, எழுதலாம். 'நான் சோம்பேறி' என்பது ஆதாரமல்ல, வசவு. ஐந்தாவது, எதிரான ஆதாரம். இங்கேதான் பேனா நின்றுவிடும். அப்போது இப்படிக் கேளுங்கள்: இதே நிலையில் நெருங்கிய நண்பர் இருந்தால் எதையெல்லாம் எடுத்துச் சொல்வேன்? தங்கை கல்யாணக் கடனை அடைத்தது, 8 வருடம் ஒரே வேலையில் தாக்குப்பிடித்தது என்று வரத் தொடங்கும். வீடு கட்டியவருடைய மாதத் தவணை எவ்வளவு, யார் உதவினார்கள் என்பது நமக்குத் தெரியாதென்றால் அதையும் இங்கே எழுதுங்கள்.

ஆறாவதில் இரண்டு பக்க ஆதாரத்தையும் தாங்கும் ஒரு வாக்கியம்: 'வீடு விஷயத்தில் அவன் முந்திவிட்டான், எனக்கும் ஆசை இருக்கிறது, ஒண்ணுமே சாதிக்கலை என்பது சரியில்லை.' பிறகு மறுபடி மதிப்பெண். 80 என்பது 50 ஆனாலே வேலை நடந்திருக்கிறது. பூஜ்யத்தை எதிர்பார்ப்பவர்கள்தான் மூன்றாம் நாளே நோட்டை மூடுகிறார்கள்.

'நான் யாருக்கும் சளைத்தவனில்லை' என்று அந்த இடத்தில் எழுதிவிட வேண்டாம். தன்மதிப்பு குறைந்தவர்கள் இப்படிப்பட்ட வாசகங்களைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது மனநிலை மேலும் தாழ்ந்ததாக உளவியலாளர் ஜோஆன் வுட் குழுவின் 2009 ஆய்வு சொல்கிறது. 'நம்மைவிடக் கஷ்டப்படுறவங்களைப் பாரு' என்ற வீட்டுப் பெரியவர்களின் ஆறுதலும் அதே தராசுதான், தட்டு மட்டும் மாறியிருக்கிறது.

பத்துப் பதிவுகள் சேர்ந்ததும் ஒரே மூச்சில் படியுங்கள். பெரும்பாலும் ஓரிரு ஆட்கள், ஓரிரு விஷயங்களே திரும்ப வரும். அவர்களின் ஸ்டேட்டஸை 7 நாள் மியூட் செய்து (அவர்களுக்குத் தெரியாது), தினமும் இரவு மனநிலைக்கு 10-க்கு மதிப்பெண் போடுங்கள். அடுத்த 7 நாள் திறந்துவிட்டு அதேபோல். இரண்டு வாரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவெடுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ பசியோ கெட்டிருந்தால், வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால், நோட்டு போதாது. இந்தியாவில் 14416, இலங்கையில் 1926 என்ற மனநல உதவி எண்ணை அழையுங்கள்.

கல்யாண மண்டபத்தில் நோட்டை விரிக்க முடியாது. அங்கே 'நான் பின்தங்கிட்டேன்' என்பதை 'நான் பின்தங்கிட்டேன் என்ற எண்ணம் வருது' என்று மனதுக்குள் மாற்றிச் சொல்லிப் பார்க்கலாம். கிளம்பும் முன்பே, சம்பளம் பற்றி எத்தனை பேர் கேட்பார்கள் என்று ஓர் எண் குறித்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்து, உண்மையில் கேட்டவர்களை எண்ணுங்கள். 10 என்று எழுதி 2 பேர்தான் கேட்டிருந்தால், அது அன்றைய ஐந்தாவது கட்டத்துக்குப் போகட்டும்.