லாக் பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

செங்கோட்டை, தென்காசிப் பக்கமிருந்து புனலூரில் எங்கள் வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் பனாமா கால்வாய் வீடியோ பார்த்துவிட்டு வருகிறார்கள். "கேரளாவிலும் லாக் இருக்காமே, கப்பல் ஏறி இறங்குமாமே?" லாக் என்பது இரண்டு முனையிலும் கதவு வைத்த தொட்டி மாதிரி; உள்ளே தண்ணீர் மட்டத்தை மாற்றிப் படகை ஏற்றி இறக்குவார்கள். முதல் தவறு, பனாமா மாதிரி இருக்கும் என்ற இந்த எதிர்பார்ப்புதான். பனாமாவில் கப்பலை 26 மீட்டர் தூக்குகிறார்கள். கொல்லத்திலிருந்து வடக்கே போகும் 3-ஆம் எண் தேசிய நீர்வழியில் லாக் இருப்பது, உப்புத் தண்ணீர் குட்டநாட்டு நெல்வயலுக்குள் ஏறாமல் தடுக்க. மறித்த இடத்தில் படகுக்கும் ஒரு வழி விட வேண்டும் அல்லவா, அதுதான் இது.

இது தெரியாததால்தான் மழைக்காலத்தில் போகிறார்கள். வேம்பநாட்டுக் காயலின் குறுக்கே உப்புத் தண்ணீரை மறிக்கும் தடுப்பணையான தண்ணீர்முக்கம் பண்டில் ஷட்டரை டிசம்பர் நடுவில் இறக்கி மார்ச் நடுவில் தூக்குவது வழக்கம்; அறுப்பு முடியாவிட்டால் ஏப்ரலுக்குத் தள்ளிப்போகும். ஷட்டர் தூக்கியிருந்தால் இரண்டு பக்கமும் ஒரே தண்ணீர், படகு நிற்காமல் போய்விடும். என் மச்சான் ஜூலையில் குடும்பத்தோடு போய், கரிமீன் பொரித்துத் தின்றுவிட்டுத் திரும்பினார். அதுவும் நஷ்டமில்லை என்று வையுங்கள்.

சரக்குப் பார்ஜ்தான் பார்க்க வேண்டுமென்றால் கொச்சிக்குப் போங்கள்; சம்பக்கரைக் கால்வாயில் உர ஆலைக்குச் சரக்கு போகும். ஹரிப்பாட்டுக்கு மேற்கே திருக்குன்னப்புழை லாக்கில் வருவது வள்ளமும் ஹவுஸ்போட்டும்தான். அங்கே ஆட்டோக்காரரிடம் "லாக்" என்று கேட்டு நிற்காதீர்கள். மலையாளத்தில் அது 'சீப்பு'. நமக்குச் சிரிப்பு வரும், அவருக்கு வழி தெரிந்துவிடும். கிளம்பும் முன் மராமத்து நடக்கிறதா என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், படகையே பார்த்துக்கொண்டிருப்பதும் தவறு. சுவரைப் பாருங்கள். பின்கதவு மூடி, முன்பக்கத் திறப்பு வழியாகத் தண்ணீர் தானே வடியும். மோட்டார், பம்பு எதுவும் வேண்டாம். ஈரப்பட்டை ஒன்று சுவரில் மெல்ல அகலமாகும், ஒரு சாண் கூட வராது. படகின் ஓரத்தில் தொங்கும் டயர் பாசியில் உரசிக் கீறல் போடும். இரண்டு பக்கமும் மட்டம் சமமாகாமல் கதவு அசையாது, தண்ணீரின் பாரம் அப்படி. படகுக்காரர் சும்மா நிற்கிறார் என்று சத்தம் போடாதீர்கள்.

கதவின் மேல் ஏறிப் போட்டோ எடுக்கவே வேண்டாம். படகைக் கட்டிய கயிற்றுக்குள் கால் வைக்கவும் வேண்டாம். படகு இறங்கும்போது அது விறைக்கும்.