இசைத்தட்டுக் களஞ்சியத்தில் பணியாற்றிய மாமாவுக்கு நினைவு மலர் எழுதும் முறை

யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்களில் 31ஆம் நாள் கிரியைகளின்போது கல்வெட்டு எனப்படும் நினைவு மலரை வழங்குவது வழக்கமாதலால், அச்சகத்துக்குரிய நாள்களைக் கழித்தால் எழுதுபவர் கையில் மிஞ்சுவது மூன்று வாரமே. இலங்கை வானொலியின் இசைத்தட்டுக் களஞ்சியத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற என் மாமாவுக்கு மலர் தயாரித்தபோது பட்டறிந்தவற்றை, அத்தகைய உறவினரை இழந்தவர்களுக்குப் பயன்படுமென எண்ணி எழுதுகிறேன்.

முதலில் நியமனக் கடிதத்தையும் ஓய்வூதியப் பத்திரங்களையும் தேடி எடுங்கள். கொழும்பில் 1925 டிசம்பரில் தொடங்கிய ஒலிபரப்பு, பின்னர் ரேடியோ சிலோன் என்று பெயர்பெற்று, 1967 ஜனவரியில்தான் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஆயிற்று. மாமா 1964இல் வேலைக்குச் சேர்ந்தவர். அவர் கூட்டுத்தாபனத்தில் சேர்ந்தார் என்று எங்கள் முதற்படியில் எழுதியிருந்தோம். உயிரோடு இருந்திருந்தால் சிவப்பு மையால் வெட்டியிருப்பார்.

அடுத்தது பணி. உறவினரைக் கேட்டால் ‘ரேடியோவிலை வேலை’ என்பதற்கு மேல் எதுவும் வராது. உடன் வேலை செய்த ஒருவரைத் தேடிப் பிடித்து, ஒரு சாதாரண நாளின் ஒரே ஒரு வேலையை முதலிலிருந்து கடைசிவரை சொல்லச் சொல்லுங்கள். எங்களுக்குக் கிடைத்தது இது: நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் பழைய இசைத்தட்டு ஒன்றை உள்ளங்கைகளுக்கிடையே விளிம்பில் மட்டும் பிடித்து, யன்னல் வெளிச்சத்தில் சாய்த்துக் கீறல் பார்த்து, நடுத்தாளுக்கு வெளியே பொறிக்கப்பட்ட எண்ணை அட்டையில் எழுதி, மூன்று நிமிடப் பாட்டை முழுவதும் கேட்ட பிறகே ‘தொடக்கத்தில் கீறல், ஒலிபரப்பலாம்’ என்று மாமா குறிப்பாராம். ‘கடமையுணர்வு மிக்கவர்’ என்ற சொல்லை அதன்பின் நாங்கள் எழுதவில்லை; தேவைப்படவில்லை.

உறவுகளின் நினைவுகளைத் திரட்டும்போது, சகோதரியின் பிள்ளைகளான மருமக்களிடமும் சகோதரனின் பிள்ளைகளான பெறாமக்களிடமும் ‘அவர் எப்படிப்பட்டவர்’ என்று கேட்காதீர்கள். எல்லாரும் ‘தங்கமான மனிசன்’ என்றே சொல்வார்கள். ஓர் ஆண்டைச் சொல்லி, அந்த ஆண்டில் நடந்த ஒன்றைக் கேளுங்கள். 1979இல் யாழ்தேவி ரயிலில் விடுமுறைக்கு வந்த மாமா, என் தங்கையைத் தேவாரம் பாடச் சொல்லிப் பதிவுசெய்த கசெற் அவ்வாறு கேட்டபோதுதான் வெளிவந்தது. அதன் அட்டையில் ‘வயது 6, குரல் நிலை: தடிமன்’ (அதாவது சளி) என்று களஞ்சியத்து ஒழுங்கிலேயே எழுதியிருந்தார். அந்த அட்டையை மலரில் முழுப் பக்கத்துக்கு இட்டோம்.

வீட்டில் இத்தகைய கசெற்றுகள் அகப்பட்டால் அவசரப்பட்டு ஓடவிட வேண்டாம். பின்விளிம்பிலுள்ள இரு பிளாஸ்ரிக் நாக்குகளையும் உடைத்துவிட்டால், தவறுதலாக அதன்மேல் வேறு பதிவு ஏறாது. பூஞ்சை தெரிந்தால் கருவியில் போடாமல், துப்புரவு செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். கணினிக்கு மாற்றும்போது 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிற்று அளவுக்குக் குறையாமல், சுருக்கப்படாத கோப்பாகச் சேமியுங்கள். பழைய 78 சுற்றுத் தட்டுகளை ஸ்பிரிட்டால் துடைப்பது பெருந்தவறு, ஏனெனில் அவற்றிலுள்ள அரக்கை அது கரைத்துவிடும்.

மலரின் அமைப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: இறந்த திதியைச் சொல்லும் திதி வெண்பாவை யாப்பு அறிந்தவரிடம் விடுங்கள், வம்சாவளியிலுள்ள பெயர்களை இரு மூத்தவர்களிடம் தனித்தனியே சரிபாருங்கள், நடுவில் கம்பி தைப்பதாயின் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்கட்டும். பெயரை மட்டும் மாற்றி அச்சகம் தரும் ஆயத்தப் புலம்பற்பாக்களை நாங்கள் விலக்கினோம். பெரியம்மாவுக்கு அது இன்றும் மனக்குறைதான்.

படங்களின் கீழ் இடமிருந்து வலமாகப் பெயர்களை எழுதுங்கள். அறிய முடியாதவரை ஊகிக்காமல் ‘அடையாளம் தெரியவில்லை’ என்றே அச்சிட்டு, திருத்தம் அனுப்ப ஒரு தொலைபேசி எண்ணையும் கடைசிப் பக்கத்தில் கொடுங்கள். ஈழத்து நினைவு மலர்களை மின்வடிவில் பேணிவரும் நூலகம் நிறுவனத்துக்கு ஒரு பிரதியை அனுப்புமுன் சில வாரம் பொறுத்திருங்கள். எங்கள் மலரின் 14ஆம் பக்கத்தில், இடமிருந்து மூன்றாவதாக நின்றவர் யாரென்று அந்த இடைவெளியில்தான் ஒருவர் அழைத்துச் சொன்னார். அனுப்பிய பிரதியில் அவர் பெயரைக் கையால் எழுதிச் சேர்த்தோம்.