பறிக்கப் பறிக்கத் தழைக்கும்: மாடித்தொட்டி மூலிகைகளும் அவற்றின் சமையலும்

வீட்டில் மூலிகைச் செடி வளர்க்கத் தொடங்கும் பலர், செடி நலிந்துவிடுமோ என்று அஞ்சி, இலையைப் பறிக்காமலே விட்டுவிடுகிறார்கள். அதனால் புதினா நெடுநெடுவென்று நீண்டு, அடித்தண்டில் இலையில்லாமல் வெறும் குச்சியாகிறது. கற்பூரவல்லி கிளைக்காமல் உயர்ந்து, காற்றில் சாய்ந்து ஒடிகிறது. செடியின் நுனி மொட்டில் உண்டாகும் ஆக்சின் என்னும் ஊக்கி, கீழேயுள்ள கணுக்களின் பக்க மொட்டுகள் வளராமல் தடுத்து வைத்திருக்கிறது. நுனியைக் கிள்ளியெடுத்தால் அந்தத் தடை நீங்கி, ஒரு தண்டு இருந்த இடத்தில் இரண்டு தண்டுகள் கிளம்புகின்றன. ஆகவே, மூலிகைத் தோட்டத்தில் சமையலும் வளர்ப்பு வேலைகளில் ஒன்றுதான். இந்தச் செய்முறையை அந்த நோக்கிலேயே எழுதுகிறேன். தமிழ்நாட்டின் சமவெளி ஊர்களில் மொட்டைமாடியோ பால்கனியோ உள்ளவர்களுக்கு இது பொருந்தும்.

படி 1: எந்தச் செடிகளில் தொடங்குவது

முதல் ஆண்டுக்கு ஆறு செடிகள் போதும்: கற்பூரவல்லி, புதினா, கறிவேப்பிலை, தூதுவளை, முடக்கத்தான், பிரண்டை. ஓமவல்லி என்றும் அழைக்கப்படும் கற்பூரவல்லியை முதலில் நடுமாறு சொல்வேன். ஒடித்து நட்ட தண்டு ஏறக்குறைய எப்போதும் பிழைத்துக்கொள்ளும் என்பதால், புதியவர்களுக்கு அது நம்பிக்கை தரும். கொத்தமல்லியைப் பலர் முதலில் விதைக்கிறார்கள், ஆனால் அது வெயில் ஏறியதும் இலை சிறுத்துப் பூத்துவிடும் செடி. ஐப்பசி முதல் தை வரை விதைத்தால் நல்ல இலை கிடைக்கும். சித்திரையில் விதைத்து ஏமாற வேண்டாம்.

தெருவோரத்திலும் வேலியிலும் தானாக வளரும் மூலிகைகளைக் கொண்டுவருபவர்கள், செடியை ஐயமற அடையாளம் கண்ட பிறகே சமையலுக்கு எடுக்க வேண்டும். முடக்கத்தானுக்குக் காற்றடைத்த சிறு பை போன்ற காயும், கரிய விதையின் மேல் இதய வடிவில் வெண்ணிறத் தழும்பும் இருக்கும். தூதுவளைக்குக் கொடியிலும் இலை நரம்பிலும் கொக்கி முட்களும், ஊதாப் பூவும், பழுத்தால் சிவக்கும் உருண்டைக் காயும் இருக்கும். இந்த அடையாளங்கள் பொருந்தாத எதையும் வாணலியில் போடக்கூடாது.

படி 2: இடமும் மண்ணும்

கறிவேப்பிலைக்கும் தூதுவளைக்கும் நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேர நேரடி வெயில் வேண்டும். புதினாவுக்கும் கற்பூரவல்லிக்கும் காலை வெயிலே போதும். கோடையில் உச்சி வெயில் படாமல் பசுமை நிழல்வலையின் கீழோ சுவரோரமோ வைத்தால் அவை வாடாது. பிரண்டை எந்த வெயிலையும் தாங்கும்.

புதினாவின் வேர் ஆழமாக இறங்காமல் பக்கவாட்டில் ஓடுவதால், அதற்கு ஏழெட்டு அங்குல ஆழமுள்ள அகன்ற தொட்டி சிறந்தது. கறிவேப்பிலைக்கு 18 அங்குல ஆழத்துக்குக் குறையாத தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றுக்கு 12 அங்குலச் செடிப்பைகள் போதும். எந்தத் தொட்டியானாலும் அடியில் நீர் வடியும் துளை இருக்க வேண்டும். தளத்தில் ஈரம் தங்காமலிருக்கத் தொட்டிகளைச் செங்கல் மீதோ இரும்புச் சட்டத்தின் மீதோ தூக்கி வைக்க வேண்டும்.

மண் கலவைக்குச் செம்மண், தென்னைநார்க் கழிவு, மட்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் ஆகிய மூன்றையும் சம பங்காக எடுத்துக்கொண்டு, ஒரு தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கைச் சேர்த்துக் கலக்க வேண்டும். தென்னைநார்க் கட்டியை நீரில் ஊறவைத்து, இரண்டு முறையாவது பிழிந்து நீரை மாற்றினால்தான் அதிலுள்ள உப்பு நீங்கும். பலர் விட்டுவிடும் வேலை இது, இலை நுனி கருகுவதற்கு இதுவும் ஒரு காரணம். கலந்த மண்ணில் சிறிது நீர் தெளித்து ஒரு வாரம் நிழலில் வைத்திருந்து பிறகு நடுவது நல்லது. தோட்டக்கலைத் துறை மானிய விலையில் வழங்கும் மாடித்தோட்டத் தளை என்னும் பொருள்தொகுப்பு கிடைத்தால், செடிப்பையும் தென்னைநார்க் கட்டியும் அதிலேயே வந்துவிடும்.

படி 3: நடுதல்

கற்பூரவல்லிக்கு நான்கைந்து அங்குல நீளமுள்ள தண்டை ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, அடி இலைகளை நீக்கிவிட்டு, இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் இருக்குமாறு ஊன்ற வேண்டும். இரண்டு வாரத்தில் வேர் பிடித்துவிடும். புதினாவுக்குத் தனியாக நாற்று வாங்க வேண்டியதில்லை. சந்தையில் வாங்கும் கட்டிலிருந்து, முற்றிய, சற்றுச் சிவந்த தண்டுகளாகப் பார்த்துப் பிரித்து, இலையைத் துவையலுக்கு எடுத்துக்கொண்டு, நுனியில் இரண்டு மூன்று இலைகள் மட்டும் விட்டுத் தண்டை நீரில் நிறுத்தினால் ஒரு வாரம் பத்து நாளில் கணுக்களில் வெண்வேர் கிளம்பும். நீரைத் தினமும் மாற்ற வேண்டும். வேர் ஓரங்குலம் வளர்ந்ததும் தொட்டிக்கு மாற்றலாம்.

பிரண்டைத் தண்டை வெட்டியவுடன் நடக்கூடாது. வெட்டுவாய் காயும்படி இரண்டு நாள் நிழலில் போட்டுவைத்து, பிறகு ஒரு கணு மண்ணில் புதையும்படி நட வேண்டும். முடக்கத்தானை விதையிலிருந்து வளர்ப்பதே எளிது: காய்ந்த பையிலிருந்து எடுத்த விதையை ஓரிரவு நீரில் ஊறவைத்து அரை அங்குல ஆழத்தில் விதைத்து, கொடி ஏறக் கயிறோ மூங்கில் குச்சியோ கட்டிவிட வேண்டும். தூதுவளையை விதையிலோ முற்றிய தண்டிலோ வளர்க்கலாம். அதன் முட்கள் துணியையும் தோலையும் பற்றி இழுக்கும் என்பதால் நடமாடும் வழியில் அதை வைக்கக்கூடாது, குழந்தைகள் உள்ள வீட்டில் இன்னும் கவனம் வேண்டும்.

கறிவேப்பிலைக்கு நாற்றங்காலில் நல்ல கன்று வாங்கிவிடுங்கள். விதையிலிருந்து வளர்க்க விரும்பினால் பழுத்த பழத்தின் சதையை நீக்கி உடனே விதைக்க வேண்டும். காய்ந்து கிடந்த விதை முளைப்பதில்லை.

படி 4: நீரும் பூச்சியும்

தொடக்கத்தில் செடிகள் சாவது பெரும்பாலும் நீர் குறைந்ததால் அன்று, மிகுந்ததால்தான். விரலை ஓரங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, ஈரம் தட்டினால் அன்று நீர் வேண்டாம். கற்பூரவல்லி தன் தடித்த இலையிலேயே நீரைச் சேமித்து வைத்திருக்கும் செடி; மழைக்காலத்தில் தொடர்ந்து நனைந்தால் அடித்தண்டு அழுகிவிடும் என்பதால், வடகிழக்குப் பருவமழையின்போது அதைக் கூரைக்குள் நகர்த்திவிட வேண்டும். புதினா மட்டும் எப்போதும் சற்று ஈரத்தை விரும்பும்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை, பத்து லிட்டர் நீருக்கு 300 மில்லி பஞ்சகவ்யம் கலந்து வேரில் ஊற்றலாம். மாவுப்பூச்சியும் அசுவினியும் தென்பட்டால் முதலில் நீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவுங்கள், அடங்காவிட்டால் ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள். தெளித்த இலையைச் சில நாள் கழித்து நன்றாகக் கழுவியே சமைக்க வேண்டும். இலையைத் தின்னப்போகிறோம் என்பதால் இரசாயனப் பூச்சிமருந்துக்கு இந்தத் தொட்டிகளில் இடமில்லை. கறிவேப்பிலை எலுமிச்சையின் குடும்பத்தைச் சேர்ந்தது; ஆதலால் எலுமிச்சையில் முட்டையிடும் வண்ணத்துப்பூச்சி இதையும் தேடி வரும். அதன் இளம்புழு பறவை எச்சம் போலவே தோன்றுவதால் கண்ணுக்குத் தப்பிவிடும், சற்று வளர்ந்ததும் பச்சையாகிச் சில நாளில் ஒரு கன்றையே மொட்டையடித்துவிடும். காலையில் இலைகளைத் திருப்பிப் பார்த்துக் கையால் எடுத்துவிடுவதே போதுமான மருந்து.

படி 5: பறித்தல்

புதினாவும் கற்பூரவல்லியும் ஆறேழு அங்குலம் வளர்ந்ததும் முதல் கிள்ளலைத் தொடங்கலாம். இலையை மட்டும் உருவாமல், ஒரு கணுவுக்குச் சற்று மேலே தண்டோடு சேர்த்துக் கிள்ள வேண்டும். இலையை உருவினால் நுனி அப்படியே நின்று செடி மேல்நோக்கியே வளரும். ஒரு முறையில் செடியின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக்கூடாது. பூங்கொத்து தெரிந்தால் உடனே கிள்ளிவிடுங்கள், ஏனெனில் பூத்த பிறகு புதிய இலை குறைந்துவிடும்.

கறிவேப்பிலைக் கன்று முழங்கால் உயரம் வந்ததும் நுனியை ஒருமுறை வெட்டிவிட்டால் பக்கவாட்டில் கிளைக்கும். அதன் பிறகு பறிக்கும்போதெல்லாம் இலையை உதிர்க்காமல் ஈர்க்கோடு ஒடித்தெடுக்க வேண்டும். முதல் ஆண்டில் அதிகம் கேட்காதீர்கள். இரண்டாம் ஆண்டிலிருந்து தாளிப்புக்குத் தட்டில்லாமல் கொடுக்கும். பிரண்டையில் நுனியிலிருந்து இரண்டு மூன்று கணு வரையுள்ள இளந்தண்டே சமையலுக்கு ஏற்றது. விரலால் வளைத்தால் பட்டென்று ஒடிய வேண்டும், வளைந்து நின்றால் அது முற்றியது. பறிக்க ஏற்ற நேரம் பனி உலர்ந்த காலை.

படி 6: சமைத்தல்

*கற்பூரவல்லித் தம்புளி.* தமிழ்நாட்டில் இந்த இலையை பஜ்ஜிக்கும் சளிக்குக் கஷாயத்துக்கும்தான் பெரும்பாலும் பயன்படுத்துகிறோம். கர்நாடகத்தில் இதைத் தொட்டபத்ரே என்று அழைத்து, தயிர் சேர்த்துத் தம்புளி செய்கிறார்கள். கோடையில் சோற்றுக்கு இதைவிட நல்ல துணை எனக்குத் தெரியவில்லை. பத்துப் பன்னிரண்டு இலைகளை அரைத் தேக்கரண்டி சீரகம், ஐந்து மிளகோடு நெய்யில் சுருளும்வரை வதக்கி ஆறவிட்டு, இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்த் துருவலோடு மைய அரைத்து, புளிக்காத தயிர் ஒரு கோப்பையில் உப்புடன் கலந்து, கடுகும் வரமிளகாயும் தாளிக்க வேண்டும். கலந்த பிறகு அடுப்பில் வைக்கக்கூடாது, தயிர் திரிந்துவிடும்.

*தூதுவளை ரசம்.* நால்வருக்கு இருபது இலை போதும். இலையின் அடி நரம்பிலுள்ள முட்களைக் கத்தரிக்கோலால் நறுக்கிவிட்டு, ஒரு கரண்டி நெய்யில் வதக்கி, ஒரு தேக்கரண்டி மிளகு, ஒரு தேக்கரண்டி சீரகம், நான்கு பல் பூண்டு சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்துக்கொள்ளவும். சிறிய எலுமிச்சையளவு புளியை இரண்டு டம்ளர் நீரில் கரைத்து, ஒரு தக்காளியைப் பிசைந்து விட்டு, மஞ்சளும் உப்பும் சேர்த்துப் பச்சை வாசனை போகக் கொதிக்கவைத்த பிறகே அரைத்ததையும் ஒரு டம்ளர் பருப்புத் தண்ணீரையும் ஊற்ற வேண்டும். நுரை கூடியதும் இறக்கிவிடுங்கள். கொதிக்கவிட்டால் இலையின் கசப்பு மேலேறும்.

*பிரண்டைத் துவையல்.* இதில்தான் புதியவர்கள் அஞ்சுகிறார்கள். பிரண்டையில் ஊசிபோன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருப்பதால் கையிலும் நாக்கிலும் அரிப்பு உண்டாகிறது. கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, கணுவையும் ஓரத்து நாரையும் உரித்து நீக்கி, சிறு துண்டுகளாக நறுக்க வேண்டும். ஒரு கோப்பைத் துண்டுகளுக்கு மூன்று மேசைக்கரண்டி நல்லெண்ணெய் காயவைத்து, இரண்டு மேசைக்கரண்டி உளுத்தம்பருப்பு, ஆறு வரமிளகாய், சிறிது பெருங்காயத்தை முதலில் வறுத்தெடுத்து, அதே எண்ணெயில் பிரண்டையைப் பத்து நிமிடம் சிறு தீயில் வதக்குங்கள். பச்சை நிறம் மாறி, துண்டுகள் சுருங்கிப் பழுப்பேற வேண்டும். இங்கே அவசரப்பட்டால் நாக்கு அரிக்கும். பிறகு பெரிய நெல்லிக்காயளவு புளியும் கால் கோப்பைத் தேங்காயும் சேர்த்து ஒரு புரட்டுப் புரட்டி, உப்போடு அரைக்க வேண்டும். எந்நிலையிலும் பச்சையாகச் சுவைத்துப் பார்க்கக்கூடாது. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகு உண்பது நல்லது. கர்ப்பிணிகளும் தொடர்ந்து மருந்து உட்கொள்பவர்களும் மற்ற மூலிகைகளிலும் அவ்வாறே செய்யட்டும்.

*முடக்கத்தான் தோசை.* இரண்டு டம்ளர் இட்லி அரிசி, கால் டம்ளர் உளுந்து, அரைத் தேக்கரண்டி வெந்தயத்தை ஊறவைத்து அரைத்து, கடைசியில் இரண்டு கைப்பிடி இலையையும் சேர்த்து அரைத்துப் புளிக்கவைக்கலாம். கசப்பு பழகாதவர்கள் வீட்டிலிருக்கும் தோசை மாவில் ஒரு கைப்பிடி இலையை அரைத்துக் கலந்து முதலில் ஊற்றிப் பார்க்கட்டும். மெல்லியதாக ஊற்றுவதைவிடச் சற்றுத் தடிமனாக ஊற்றி மூடிவைத்து வேகவிட்டால் வாசம் நிற்கும்.

புதினாவுக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. துவையலுக்கு இலையைச் சூடான எண்ணெயில் போட்டு, சுருண்டதும் எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் வதக்கினால் கறுத்து மணம் போய்விடும்.

படி 7: மிஞ்சியதை வைத்துக்கொள்ளுதல்

மழைக்குப் பின் எல்லாச் செடியும் ஒரே நேரத்தில் தழைக்கும்போது இலை மிஞ்சும். கறிவேப்பிலையைக் கழுவி நிழலில் ஈரம் போக உலர்த்தி, வெறும் வாணலியில் மொறுமொறுப்பாக வறுத்து, உளுத்தம்பருப்பு, மிளகு, பெருங்காயம், சிறிது புளியோடு பொடித்தால் ஒரு மாதம் கெடாது. புதினா இலையைத் துணியில் பரப்பி நிழலிலேயே காயவைத்துக் கண்ணாடிப் புட்டியில் வையுங்கள். வெயிலில் காய்ந்த இலையில் மணம் குறைந்திருக்கும். தூதுவளையும் இவ்வாறே காய்ந்து பொடியாகும், சுடுசோற்றில் நெய்யோடு பிசைய அது போதும். முடக்கத்தான் ஓராண்டுக் கொடி என்பதால், பைகள் பழுப்பாகிக் காய்ந்ததும் விதைகளை எடுத்துக் காகித உறையில் தேதி எழுதி வைத்துக்கொண்டு, அடுத்த ஆடியில் மீண்டும் விதைக்கலாம்.