அமைதியாக ஜெபிக்க உட்காருகிறவர்கள் செய்யும் சில தவறுகள்

"சத்தம் போட்டு ஜெபித்து அலுத்துவிட்டது, இனிமேல் சும்மா உட்கார்ந்து கர்த்தர் பேசுவதைக் கேட்கப் போகிறேன்" என்று சொல்லும் விசுவாசிகள் எல்லாச் சபைகளிலும் இருக்கிறார்கள். நல்ல ஆசைதான். கத்தோலிக்கத் துறவிகள் இந்த வழியில் நூற்றாண்டுக் கணக்காக நடந்திருக்கிறார்கள். நம் பக்கத்திலேயே குளித்தலையை அடுத்த தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையில் 1950-ல் தொடங்கிய சாந்திவனம் ஆசிரமம் இருக்கிறது. ஆனால் நம்மில் பலர் இந்த வழியில் இறங்கும்போது கையோடு கொண்டுபோவது ஒரே ஒரு வசனம். முன்னும் பின்னும் கத்தரித்த வசனம்.

வசனத்தை அதன் இடத்தில் வைத்து வாசிப்பது இறையியல் கல்லூரிக்காரர்களின் வேலை, அமைதியாகக் காத்திருப்பது பக்தர்களின் வேலை என்று நாமாகவே பிரித்து வைத்திருக்கிறோம். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது. பேசுகிறவர் பேசி முடிக்கும்வரை நடுவில் புகாமல் இருப்பதுதான் இரண்டிலும் இருக்கிற வேலை. வேதத்தை வாசிக்கும்போது நடுவில் புகுகிறவர், ஜெபத்திலும் அதையேதான் செய்வார். 12-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் கார்த்தூசிய மடத்துத் தலைவராக இருந்த இரண்டாம் கீகோ, வாசிப்பு, தியானம், ஜெபம், இறைவனில் இளைப்பாறுதல் என்று நான்கு படிகளைச் சொன்னார். தியானமில்லாத வாசிப்பு வறண்டது, வாசிப்பில்லாத தியானம் வழிதவறும் என்றும் எச்சரித்தார். கீழே சொல்லப்போகிற தவறுகளில் பெரும்பாலானவை அந்த இரண்டாவது வகை.

சங்கீதம் 46-ஐ ஒரு வரியாகச் சுருக்குவது

"நீங்கள் அமர்ந்திருந்து, நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள்." அமைதி ஜெபம் என்றாலே முதலில் வருவது இந்த வசனம்தான். ஏரிக்கரைப் படத்தின்மேல் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். மனதுக்குள் ஒரு மெல்லிய இசை ஓடும்.

இப்போது அந்தச் சங்கீதத்தை முதல் வரியிலிருந்து வாசித்துப் பாருங்கள். பூமி நிலைமாறுகிறது, மலைகள் நடுக்கடலில் சாய்கின்றன, ஜாதிகள் கொந்தளிக்கின்றன, ராஜ்யங்கள் தத்தளிக்கின்றன. நமக்குப் பிடித்த வரிக்கு முந்தின வரியில் தேவன் வில்லை ஒடிக்கிறார், ஈட்டியை முறிக்கிறார், இரதங்களை நெருப்பில் எரிக்கிறார். அந்தப் போர்க்களத்தின் நடுவில்தான் "அமர்ந்திருங்கள்" என்ற குரல் வருகிறது. சண்டை போட்டுக்கொண்டிருக்கும் ஜாதிகளைப் பார்த்துச் சொன்ன அதட்டலாகவும் அதை வாசிக்கலாம். அடுத்த வரியே "ஜாதிகளுக்குள்ளே உயர்ந்திருப்பேன்" என்றுதானே இருக்கிறது.

இப்படி வாசித்தால் ஜெபத்தில் என்ன மாறும்? நிறையவே மாறும். வீடு அமைதியாக இருந்தால்தான் ஜெபிக்க முடியும் என்ற எண்ணம் போய்விடும். பக்கத்து வீட்டு டிவி, குக்கர் விசில், நாளைக்குக் கட்ட வேண்டிய தவணை எல்லாம் இருக்கும்போதே உட்காரலாம். அமைதி அங்கே நம் திறமையால் வருவதில்லை, யுத்தத்தை ஓயப்பண்ணுகிறவர் அவர். நாம் பிடித்துக்கொண்டிருக்கும் வில்லும் ஈட்டியும் எவை என்று கேட்கிற இடமாக அந்த வரி மாறும். நேற்றைக்கு யாரோடு போட்ட சண்டைக்கு மனதுக்குள் இன்னும் பதில் தயாரித்துக்கொண்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் தெரியவரும். ஏரிக்கரைப் படம் இதைக் கேட்காது.

வாக்குத்தத்தத்தை அட்டையோடு நிறுத்திக்கொள்வது

வருஷக் கடைசி இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுப்பது நம் சபைகளில் பழகிப்போன ஒன்று. அதைக் கேலி செய்ய மாட்டேன். ஒரு வருஷம் முழுவதும் அந்த ஒரு வரியைப் பற்றிக்கொண்டு துக்கத்தைத் தாண்டியவர்கள் உண்டு. பிரச்சினை அட்டையில் இல்லை, அட்டையோடு நின்றுவிடுவதில் இருக்கிறது.

எரேமியா 29:11 அடிக்கடி வரும் அட்டை. கர்த்தர் நம்மேல் நினைத்திருக்கிற நினைவுகள் "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற வசனம். கிடைத்ததும் வேலை, விசா, கல்யாணம், எது நடக்க வேண்டுமோ அதன்மேல் ஒட்டிவிடுவோம்.

அது ஒரு கடிதத்தின் நடுவில் இருக்கிற வரி. கி.மு. 597-ல் எகொனியா ராஜாவோடு பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போனவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா எழுதிய கடிதம். ஊர் திரும்புவது எப்போது என்பதுதான் அவர்கள் எல்லாருடைய கேள்வியும். முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லார் முன்பாகவும், இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று கர்த்தரின் பெயரால் சொல்லி, பாபிலோனுக்கு அடங்குங்கள் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த நுகத்தைப் பிடுங்கி உடைக்கிறான். இனிப்பான வாக்குத்தத்தம். எரேமியாவே "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்றுதான் ஆரம்பிக்கிறார். நுகத்தை உடைத்தபோதும் மல்லுக்கு நிற்காமல் தன் வழியே போய்விடுகிறார். பதில் வார்த்தை அதற்குப் பிறகுதான் அவருக்கு வருகிறது. காத்திருப்பதைப் பற்றி இதைவிடச் சுருக்கமான பாடம் எனக்குத் தெரியாது.

அடுத்த அதிகாரத்தில் வரும் அந்தக் கடிதம் இரண்டு வருஷக் கணக்கை அப்படியே தள்ளிவிடுகிறது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், உங்களைச் சிறைபிடித்த பட்டணத்துக்காக ஜெபம்பண்ணுங்கள், எழுபது வருஷம் ஆகும். பத்தாம் வசனத்தில் எழுபது வருஷம். பதினோராம் வசனத்தில் நம் அட்டை. அதைக் கேட்ட பெரியவர்களில் பலர் அங்கேயே செத்துப்போகப் போகிறவர்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் "தீமைக்கல்ல" என்று எழுதுகிறார். இந்த வசனத்தை விசாவின்மேல் ஒட்டும்போது நாம் எரேமியாவின் வாயில் அனனியாவின் பேச்சை வைக்கிறோம் என்பது என் கருத்து.

அட்டை கிடைத்தால் அதை மேஜைமேல் வைத்துவிட்டு, அந்த வாரத்துக்குள் முழு அதிகாரத்தையும் முந்தின அதிகாரத்தையும் ஒரே இருப்பில் வாசித்துவிடுங்கள். வாக்குத்தத்தம் அதனால் குறைந்துபோகாது. விசா வராவிட்டாலும் நிற்கிற வாக்குத்தத்தம் அப்போதுதான் கையில் கிடைக்கும்.

பிலிப்பியர் 4:13-க்கும் இதே கதிதான். வேன் கண்ணாடியில் "எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்று ஒட்டியிருக்கும். பவுல் காவலில் இருந்துகொண்டு, பிலிப்பி சபையார் எப்பாப்பிரோதீத்து கையில் அனுப்பிய பணத்துக்கு நன்றி சொல்லி எழுதும் இடம் அது. திருப்தியாயிருக்கவும் பட்டினியாயிருக்கவும் தெரியும் என்று முந்தின வசனத்தில் சொல்லிவிட்டுத்தான் அதைச் சொல்கிறார். பட்டினியையும் தாங்கும் பெலன்.

கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரல் வைப்பது

"சபைப் பிதா அகஸ்தீனும் அப்படித்தானே செய்தார்?" என்று கேட்பார்கள். 386-ல் மிலான் நகரத் தோட்டத்தில், "எடுத்து வாசி" என்ற குழந்தைக் குரலைக் கேட்டு அவர் புத்தகத்தைத் திறந்தது உண்மை. கண்ணில் பட்டது ரோமர் 13-ன் கடைசி வசனங்கள். ஆனால் அவர் திறந்தது ஏற்கெனவே தோய்ந்து வாசித்துக்கொண்டிருந்த பவுலின் நிருபங்களை. அந்த வசனம் தொட்டதும் வருஷக் கணக்காக அவர் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த முடிவைத்தான். பிற்காலத்தில் ஆயராக இருந்தபோது, உலகக் காரியங்களுக்காகச் சுவிசேஷப் பக்கங்களைத் திறந்து குறி பார்ப்பது தனக்குப் பிடிக்கவில்லை என்று கடிதத்தில் எழுதியவரும் அதே அகஸ்தீன்தான்.

மனதில் "தோன்றும்" வசனத்துக்கும் இதே சோதனை தேவை. நாற்பது நாள் உபவாசத்துக்குப் பிறகு இயேசுவின் காதில் விழுந்த ஒரு வசனம் 91-ஆம் சங்கீதத்திலிருந்து வந்தது, கொண்டுவந்தவன் பிசாசு. வசனம் வசனம்தான், வார்த்தை சரிதான். இயேசு உபாகமத்தை எடுத்து, கர்த்தரைப் பரீட்சை பாராதே "என்றும் எழுதியிருக்கிறதே" என்கிறார். ஜெபத்தில் வந்த வசனம் என்பதாலேயே அது கர்த்தர் தந்தது ஆகிவிடாது. எங்கிருந்து பிடுங்கி வந்தது என்று பார்க்க வேண்டும்.

"அமர்ந்த மெல்லிய சத்தம்" கேட்டவுடன் எழுந்துவிடுவது

1 இராஜாக்கள் 19 அமைதி ஜெபக்காரர்களுக்குப் பிரியமான அதிகாரம். பெருங்காற்று, பூமியதிர்ச்சி, அக்கினி, கடைசியில் மெல்லிய சத்தம். பிரசங்கம் பெரும்பாலும் அங்கே முடிந்துவிடும். அதிகாரம் முடிவதில்லை. "எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்?" என்று, சத்தம் வருவதற்கு முன்பே கேட்ட அதே கேள்வியைக் கர்த்தர் மறுபடியும் கேட்கிறார். எலியாவும் அதே புலம்பலை வரி மாறாமல் ஒப்பிக்கிறார். பிறகு வருவது வேலைப் பட்டியல்: ஆசகேலை அபிஷேகம் செய், யெகூவை அபிஷேகம் செய், எலிசாவை அபிஷேகம் செய். நீ ஒருவன்தான் மீதி என்று நினைக்காதே, இன்னும் ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள். அமைதியில் உட்கார்ந்த மனுஷன் எழுந்து போக வேண்டிய ஊர் தமஸ்கு.

அந்த அதிகாரத்தின் முன்பாதியும் நமக்குத் தேவை. சாகவேண்டும் என்று சூரைச்செடியின் கீழே படுத்த எலியாவுக்குத் தூதன் முதலில் கொடுத்தது அடையும் தண்ணீரும். தூங்கவிட்டு, மறுபடியும் எழுப்பிச் சாப்பிடவைக்கிறான். உபதேசம் இல்லை. மனச்சோர்வில் இருப்பவரைத் தனியறையில் உட்காரவைத்து "அமைதியாகக் காத்திரு, கர்த்தர் பேசுவார்" என்று விட்டுவிடாதீர்கள். சிலருக்கு அந்த நேரத்து அமைதி பயங்கரமானது. அவர்களுக்கு 88-ஆம் சங்கீதம் இருக்கிறது. ஆறுதல் வரி ஒன்றுமில்லாமல் இருளிலேயே முடியும் ஜெபம், அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். வாய்விட்டு அழட்டும். ஜெபத்தில் "மாத்திரையை நிறுத்து" என்று உணர்த்தப்பட்டதாக யாராவது சொன்னால், மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளை மாத்திரைகூட நிற்கக் கூடாது.

சாமுவேலின் கதையிலும் இப்படி ஒரு மறதி உண்டு. "சொல்லும், அடியேன் கேட்கிறேன்" என்பதோடு ஞாயிறு பள்ளிப் பாடம் முடிந்துவிடும். அன்று இரவு அந்தப் பையன் கேட்டது, தன்னை வளர்த்த ஆசாரியன் ஏலியின் வீட்டுக்கு வரப்போகும் நியாயத்தீர்ப்பு. விடியும்வரை படுத்திருந்து, அதைச் சொல்லப் பயப்படுகிறான். கேட்க உட்காருகிறவர், கேட்கப் பிடிக்காததும் வரலாம் என்று தெரிந்துதான் உட்கார வேண்டும்.

சின்னத் தவறுகள் சில

எண்ணங்கள் ஓடுகின்றன என்று பதறுவது. ஓடத்தான் செய்யும். அவிலா தெரேசா போன்ற ஜெப ஆசிரியையே, சில வருஷங்கள் ஜெப நேரம் எப்போது முடியும் என்று கடிகாரச் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருந்ததாக எழுதியிருக்கிறார். வாசித்த அதிகாரத்தின் ஒரு சொல்லுக்குத் திரும்பி வந்தால் போதும்.

"வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்" என்பதைக் காட்டி ஜெபமாலை சொல்பவர்களையும் சத்தமாக ஜெபிப்பவர்களையும் மட்டம் தட்டுவது. அதே மத்தேயுவின் 26-ஆம் அதிகாரத்தில் கெத்செமனேயில் இயேசு மூன்றாந்தரமும் அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபிக்கிறார். அதிகம் பேசினால்தான் பிதா கேட்பார் என்ற நினைப்பைத்தான் அவர் கண்டித்தார்.

எண்களை நம்புவது. அதிகாரப் பிரிவு 13-ஆம் நூற்றாண்டில் வந்தது. புதிய ஏற்பாட்டுக்கு இன்றைய வசன எண்களை 1551-ல் பாரிஸ்காரரான அச்சாளர் ராபர்ட் எத்தியேன் போட்டார். பவுல் எண் போட்டு எழுதவில்லை. பிலிப்பியர் நிருபம் மொத்தமே 104 வசனம். அரை மணி நேரம்கூட ஆகாது, ஒரே மூச்சில் வாசிக்கலாம்.

முடிவை எடுத்துவிட்டுக் காத்திருக்க உட்காருவது

இதைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம், முழு அதிகாரத்தை வாசித்தாலும் இது மட்டும் சரியாகாது. எரேமியா 42-ஐப் பாருங்கள். பாபிலோன் ராஜா யூதாவுக்கு வைத்த அதிபதி கெதலியா கொலையான பிறகு மிச்சமிருந்த ஜனங்கள், எகிப்துக்குப் போகும் வழியில் பெத்லெகேம் பக்கத்தில் தங்கியிருக்கிறார்கள். அங்கிருந்து எரேமியாவிடம் வந்து, நாங்கள் எந்த வழியில் போக வேண்டும் என்று கர்த்தரிடம் கேளும், நன்மையானாலும் தீமையானாலும் கீழ்ப்படிகிறோம் என்கிறார்கள். அருமையான ஜெப விண்ணப்பம். பத்து நாள் கழித்துத்தான் எரேமியாவுக்கு வார்த்தை வருகிறது. எரேமியாவுக்கே பத்து நாள்! பதில்: இங்கேயே இருங்கள், போகாதீர்கள். உடனே "நீ பொய் சொல்லுகிறாய்" என்கிறார்கள். எரேமியாவின் எழுத்தன் பாருக்குதான் தூண்டிவிட்டான் என்று ஒரு காரணமும் கண்டுபிடிக்கிறார்கள். பிறகு எகிப்துக்குப் போகிறார்கள், எரேமியாவையும் இழுத்துக்கொண்டு.

மூட்டை கட்டிவிட்டுக் கேட்ட கேள்வி அது. இதை நாமாகக் கண்டுபிடிப்பது கஷ்டம், ஏனென்றால் காத்திருக்கும்போது நாம் உண்மையாகக் காத்திருப்பதாகவே நமக்குத் தோன்றும். இரண்டு காரியங்கள் உதவும். உட்காருவதற்கு முன்னால், எந்தப் பதில் வந்தால் எனக்குப் பிடிக்காது என்பதை ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். அப்புறம், ஜெபத்தில் "கிடைத்த" வசனத்தை, இந்த விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகாத ஒருவரிடம் கொடுத்து, அந்த அதிகாரத்தை முழுதாக வாசித்துவிட்டு என்ன தோன்றுகிறது என்று கேளுங்கள். அவர் சொல்லும்போது நடுவில் பேசாதீர்கள்.