சிறு மருத்துவக் குழுக்கள் சேர்ந்து ஏசிஓ அமைப்பது எப்படி: டின் எனும் வரி எண் பட்டியலில் தொடங்குங்கள்

அமெரிக்காவில் சொந்தச் சிகிச்சையகம் நடத்தும் தமிழ் மருத்துவர்களும், அவர்களுடைய அலுவலகங்களை நிர்வகிப்பவர்களும் என்னிடம் அடிக்கடி ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: சிகிச்சையகத்தைப் பெரிய மருத்துவமனை நிறுவனத்திடம் விற்றுவிடாமலேயே, அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேரின் சேமிப்புப் பங்கைப் பெற முடியுமா? முடியும். அதற்கான வழிதான், பல சிகிச்சையகங்கள் சேர்ந்து தங்கள் நோயாளிகளின் செலவுக்கும் தரத்துக்கும் கூட்டாகப் பொறுப்பேற்கும் அக்கவுண்டபிள் கேர் ஆர்கனைசேஷன் எனப்படும் ஏசிஓ. ஒன்பது சிகிச்சையகங்களும் ஒரு வட்டார மருத்துவமனையும் சேர்ந்து இப்படியோர் அமைப்பை உருவாக்கியபோது நிர்வாகப் பொறுப்பில் இருந்தேன். முதல் ஆண்டு எங்களால் விண்ணப்பிக்கவே முடியவில்லை. மறு ஆண்டில்தான் கைகூடியது. அந்த ஓராண்டுத் தாமதம் மற்றவர்களுக்கு நேரக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். மெடிகேரின் ஏ, பி பகுதிகள் எவ்வாறு பணம் வழங்குகின்றன என்பது உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

2010ஆம் ஆண்டின் அஃபோர்டபிள் கேர் சட்டம் உருவாக்கிய, ஏசிஓக்களுக்குச் சேமிப்புப் பங்கு தரும் மெடிகேர் ஷேர்டு சேவிங்ஸ் திட்டம் 2012இல் நடைமுறைக்கு வந்தது. மருத்துவர்கள் வழக்கம்போல் ஒவ்வொரு சேவைக்கும் பில் அனுப்பிப் பணம் பெறுகிறார்கள். ஆண்டு முடிந்ததும் அவர்களுடைய நோயாளிகளுக்கு மெடிகேர் மொத்தமாகச் செலவழித்த தொகையை, முன்கூட்டியே கணக்கிட்ட பெஞ்ச்மார்க் தொகையோடு, மெடிகேரை நடத்தும் அரசு அமைப்பான சிஎம்எஸ் ஒப்பிட்டுப் பார்க்கிறது. உதாரணத்துக்கு, 6,000 நோயாளிகளுக்கு ஆளுக்கு 12,000 டாலர் வீதம் பெஞ்ச்மார்க் 7.2 கோடி டாலர் என்று கொள்வோம். உண்மைச் செலவு 5 சதவீதம் குறைந்தால் சேமிப்பு 36 லட்சம் டாலர். தரக் குறியீடுகளையும் எட்டியிருந்தால், தொடக்க நிலையில் அதில் 40 சதவீதம் வரை, அதாவது 14.4 லட்சம் டாலர் வரை, உங்கள் அமைப்புக்கு வரும். நோயாளிக்கு எந்தக் கட்டுப்பாடும் கிடையாது. மெடிகேரை ஏற்கும் எந்த மருத்துவரிடமும் அவர் போகலாம். இதை நோயாளிகளுக்குச் சொல்லும்போது முதல் வாக்கியமாகவே சொல்லிவிடுங்கள்.

முதல் படி: நோயாளிகளைச் சரியாக எண்ணுங்கள்

குறைந்தது 5,000 மெடிகேர் நோயாளிகள் உங்கள் கணக்கில் சேர வேண்டும். எங்கள் சிகிச்சையகங்களின் பதிவேடுகளைக் கூட்டிப் பார்த்தபோது ஏழாயிரத்துக்கும் மேல் வந்ததால் நிம்மதியாக இருந்துவிட்டோம். அந்த எண்ணிக்கையில், தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டத்தில் இருப்பவர்களும் கலந்திருந்தார்கள். அவர்கள் இந்தத் திட்டத்தின் கணக்கில் வரமாட்டார்கள். இன்று மெடிகேர் பயனாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் அட்வான்டேஜ் திட்டங்களில்தான் இருக்கிறார்கள் என்பதால், காப்பீட்டு வகையைப் பிரித்துப் பார்க்காத எந்த எண்ணையும் நம்பாதீர்கள். மீதமுள்ள பாரம்பரிய மெடிகேர் நோயாளிகளிலும், அந்த ஆண்டில் பெற்ற அடிப்படை மருத்துவச் சேவைகளின் கட்டணத்தில் மற்ற எவரையும்விட உங்கள் குழுவின் பங்கு அதிகமாக உள்ளவர்களே உங்களுக்கு ஒதுக்கப்படுவார்கள். நர்ஸ் பிராக்டிஷனரை (சிகிச்சையளிக்கும் தகுதி பெற்ற செவிலியரை) மட்டும் பார்த்துவிட்டுப் போகும் நோயாளி, குழுவிலுள்ள தகுதியுள்ள ஒரு மருத்துவரையும் ஒரு முறையாவது பார்த்திருக்க வேண்டும். 5,000 என்ற எல்லையை ஒட்டி நிற்பது ஆபத்து. 6,000க்குக் குறையாமல் சேர்த்துக்கொண்டு தொடங்குவதையே நான் பரிந்துரைப்பேன்.

இரண்டாம் படி: டின் பட்டியல்

எங்களைத் தடுக்கி விழவைத்த இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஏசிஓவில் உறுப்பினராகச் சேர்வது மருத்துவர் அல்லர். அவர் பில் அனுப்பப் பயன்படுத்தும் வரி அடையாள எண்தான், அதாவது டின்தான், சேர்கிறது. ஒரு டின் சேர்ந்தால் அதன் வழியாக மெடிகேருக்குப் பில் அனுப்பும் ஒவ்வொரு மருத்துவரும், ஒவ்வொரு நர்ஸ் பிராக்டிஷனரும் சேர ஒப்புக்கொள்ள வேண்டும். பன்னிரண்டு பேர் உள்ள சிகிச்சையகத்தில் ஒருவர் மறுத்தால், பதினொரு பேரைச் சேர்த்துக்கொண்டு அவரை மட்டும் விட்டுவிட வழியில்லை. சிகிச்சையகமே வெளியே நிற்கும்.

அடுத்த சிக்கல், ஒரு டின் ஓர் ஏசிஓவில் மட்டுமே இருக்கலாம் என்ற விதி. நோயாளிகளை ஒதுக்கப் பயன்படும் சேவைகளுக்குப் பில் அனுப்பும் எல்லா டின்களுக்கும் இது பொருந்தும். குடும்ப மருத்துவர்களுக்குத்தான் இந்தக் கட்டுப்பாடு என்று நாங்கள் எண்ணியிருந்தோம். எங்களோடு சேர விரும்பிய இதயநோய்ச் சிகிச்சையகம் ஒன்று வேறோர் ஏசிஓவிலும் கையெழுத்திட்டிருந்தது. சிறப்பு மருத்துவர்கள்தானே, இரண்டிலும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். குடும்ப மருத்துவரிடம் போகாத நோயாளிகளை இரண்டாம் கட்டமாக ஒதுக்கும்போது இதயநோய் மருத்துவரின் ஆலோசனைகளும் கணக்கில் வருகின்றன என்பதும், அதனால் அந்த டின்னும் ஏதாவது ஒன்றைத்தான் தேர்ந்தெடுத்தாக வேண்டும் என்பதும் பிறகுதான் புரிந்தது. அவர்கள் மற்றதைத் தேர்ந்தெடுத்தார்கள். அட்வான்டேஜ் நோயாளிகளைக் கழித்து ஏற்கெனவே சுருங்கியிருந்த எங்கள் எண்ணிக்கை, அத்தோடு 5,000க்குக் கீழே போயிற்று. அந்த ஆண்டு முயற்சி அங்கேயே நின்றது.

மறு ஆண்டு நான் செய்தது மிக எளிமையான ஒரு வேலை. ஒரு தாளின் இடப்பக்கத்தில், ஒவ்வொரு சிகிச்சையகமும் தன் மருத்துவர்கள் என்று தந்த பெயர்களையும், ஒவ்வொருவருக்கும் உரிய அடையாள எண்ணான என்பிஐ எண்களையும் எழுதினேன். வலப்பக்கத்தில், மெடிகேரின் பதிவு அமைப்பான பெகோஸில் அந்த டின்னுக்குத் தங்கள் பில் உரிமையை மாற்றித் தந்தவர்களாக உள்ள பெயர்களை எழுதினேன். இரண்டு பக்கமும் ஒத்துப்போன சிகிச்சையகம் ஒன்றுகூட இல்லை. எப்போதோ ஓய்வுபெற்ற மருத்துவர் ஒருவர் வலப்பக்கத்தில் இன்னும் இருந்தார்; அண்மையில் வேலைக்குச் சேர்ந்த நர்ஸ் பிராக்டிஷனர் ஒருவர் இடப்பக்கத்தில் மட்டும் இருந்தார். ஒரு சிகிச்சையகத்தின் சட்டப்பெயர் பெகோஸில் எல்எல்சி என்று முடிய, எங்கள் ஒப்பந்தத்தில் அந்தச் சொல் விடுபட்டிருந்தது. இப்படிப்பட்ட சிறு வேறுபாட்டுக்குக்கூட விண்ணப்பம் திருத்தத்துக்குத் திரும்பி வரும். வழக்குரைஞரைப் பார்ப்பதற்கும் மென்பொருள் நிறுவனங்களை அழைப்பதற்கும் முன்னால் இந்தத் தாளை முடித்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்களுக்கு இதற்கு ஆறு வாரங்கள் ஆயின.

மூன்றாம் படி: சட்ட அமைப்பும் ஆட்சிக் குழுவும்

ஏசிஓ தனி வரி எண் கொண்ட சட்டபூர்வ அமைப்பாக இருக்க வேண்டும். ஆட்சிக் குழுவின் கட்டுப்பாட்டில் குறைந்தது 75 சதவீதம் உறுப்புச் சிகிச்சையகங்களிடம் இருக்க வேண்டும். மெடிகேர் பயனாளி ஒருவரும் அதில் இடம்பெற வேண்டும். அந்த இடத்தைப் பெயரளவுக்கு நிரப்பாதீர்கள். எங்கள் குழுவில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை, நோயாளிகளுக்கான அறிவிப்புக் கடிதத்தை வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டு, தன் மருத்துவரையே மாற்றச் சொல்கிறார்கள் போலிருக்கிறதே என்றார். சிஎம்எஸ் வகுத்துத் தந்த வாசகத்தை நாங்கள் மாற்ற முடியாது; எனவே அதோடு சேர்த்து வரவேற்பறையில் சொல்ல வேண்டிய விளக்கத்தை அவருடைய சொற்களிலேயே எழுதிக்கொண்டோம்.

விதிகள் பின்பற்றப்படுவதைக் கவனிக்கும் இணக்க அலுவலராக அமைப்பின் வழக்குரைஞரையே நியமிக்கக் கூடாது, அது விதி. மருத்துவர்கள் தமக்கு நிதித் தொடர்புள்ள இடங்களுக்கு நோயாளிகளை அனுப்புவதைத் தடுக்கும் ஸ்டார்க் சட்டம், கையூட்டுத் தடைச் சட்டம் ஆகியவற்றிலிருந்து இத்திட்டத்துக்கு விலக்குகள் உண்டு என்றாலும், ஆட்சிக் குழுவின் தீர்மானம் முறைப்படி பதிவாகியிருந்தால்தான் அவை துணைக்கு வரும். போட்டித் தடைச் சட்டம் தொடர்பாக 2011இல் வெளியான வழிகாட்டு அறிக்கையை நீதித் துறையும், வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் அமைப்பான எஃப்டிசியும் 2023இல் விலக்கிக்கொண்டன. பழைய கட்டுரைகளில் காணும் 30 சதவீதச் சந்தைப் பங்கு என்ற பாதுகாப்பு எல்லையை நம்பி இன்று முடிவெடுக்க வேண்டாம். நல்ல வழக்குரைஞருக்குத் தாராளமாகச் செலவிட வேண்டிய இடம் இந்தப் படிதான்.

நான்காம் படி: மருத்துவமனையைச் சேர்ப்பதா?

இதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. நோயாளி மருத்துவமனையில் அனுமதிக்கப்படுவதைத் தவிர்ப்பதில்தான் ஏசிஓவின் சேமிப்பு பெருமளவு கிடைக்கிறது. அந்த அனுமதிதான் மருத்துவமனையின் வருமானம். இந்த முரண்பாட்டை மருத்துவமனையின் தலைமை முதல் கூட்டத்திலேயே வெளிப்படையாகப் பேசத் தயாராக இருந்தால் மட்டும் சேருங்கள். உறுப்பினர்களின் மெடிகேர் வருமானம், ஒதுக்கப்பட்ட நோயாளிகளுக்கான மொத்த மெடிகேர் செலவில் 35 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் அந்த அமைப்பு குறைந்த வருமான ஏசிஓ என்று வகைப்படுத்தப்படும். மருத்துவமனை உள்ளே வந்தால் பெரும்பாலும் இந்த வரம்பைத் தாண்டிவிடுவீர்கள். 2022, 2023 ஆண்டு முடிவுகளில், மருத்துவர்களே நடத்தும் குறைந்த வருமான ஏசிஓக்கள்தான் ஆளுக்கான சேமிப்பில் முன்னணியில் இருந்தன.

மறுபக்கமும் உண்டு. மருத்துவமனை உள்ளே இருந்தால் வீடு திரும்பும் திட்டத்தை முன்கூட்டியே வகுக்கலாம், மூலதனமும் கிடைக்கும். எங்களுடையது சிறிய வட்டார மருத்துவமனை. படுக்கைகளைவிட வெளிநோயாளிப் பிரிவையே நம்பியிருந்ததால் எங்களுக்கு ஒத்துவந்தது.

ஐந்தாம் படி: பணமும் ஆபத்தும்

ஒப்பந்தக் காலம் ஐந்து ஆண்டுகள். திட்டத்தில் பேசிக், என்ஹான்ஸ்டு என்று இரண்டு தடங்கள் உண்டு. பேசிக் தடத்தின் ஏ, பி நிலைகளில் இழப்பில், அதாவது பெஞ்ச்மார்க்கைத் தாண்டிய செலவில், பங்கில்லை. சி, டி, இ நிலைகளில் சேமிப்பில் 50 சதவீதம் வரையும், இழப்பில் 30 சதவீதமும் உங்களுடையது. என்ஹான்ஸ்டு தடத்தில் சேமிப்பு 75 சதவீதம் வரை உயரும். இழப்பும் அதற்கேற்ப உயரும். புதியவர்கள் ஏ நிலையிலேயே தொடங்குங்கள்.

முதல் ஒப்பந்தத்தில் பெஞ்ச்மார்க் என்பது முந்தைய மூன்று ஆண்டுச் செலவுகளின் கூட்டு. அதில் கடைசி ஆண்டுக்கு 60 சதவீதமும், அதற்கு முந்தையவற்றுக்கு முறையே 30, 10 சதவீதமும் எடை தரப்படுகின்றன. இழப்பில் பங்கேற்காத 5,000 நோயாளி அமைப்பு ஒன்று 3.9 சதவீதம் சேமித்தால்தான் முழுப் பங்குக்குத் தகுதி பெறும். 60,000 பேர் இருந்தால் 2 சதவீதமே போதும். சிறிய எண்ணிக்கையில் ஏற்ற இறக்கம் தற்செயலாகவும் வரலாம் என்பதே இதற்குக் காரணம்.

கையிருப்பைப் பற்றி யோசிக்காமல் இறங்காதீர்கள். ஜனவரியில் தொடங்கினால், அந்த ஆண்டின் கணக்கு முடிந்து பணம் கைக்கு வர மறு ஆண்டு இலையுதிர் காலம் ஆகிவிடும். ஏறத்தாழ 21 மாதங்களுக்குச் செவிலியர் சம்பளத்தை எங்கிருந்தாவது கொடுத்தாக வேண்டும். இதற்காகவே 2024 முதல் முன்முதலீட்டுத் தொகை வழங்கப்படுகிறது: தகுதியுள்ள புதிய குறைந்த வருமான ஏசிஓவுக்கு முதலில் 2,50,000 டாலரும், பிறகு இரண்டு ஆண்டுகளுக்குக் காலாண்டுத் தொகையும் கிடைக்கும், பின்னால் வரும் சேமிப்புப் பங்கிலிருந்து அது கழித்துக்கொள்ளப்படும். சேமிப்பைச் சிகிச்சையகங்களுக்குள் எப்படிப் பிரிப்பது என்பதையும் பணம் வருவதற்கு முன்பே எழுதி வைத்துவிடுங்கள். வந்தபின் பேசினால் நட்பு கெடும்.

ஆறாம் படி: தரவும் கருவிகளும்

சிஎம்எஸ் மாதந்தோறும் உங்கள் நோயாளிகளின் கிளெய்ம் கோப்புகளை, அதாவது மெடிகேருக்கு அனுப்பப்பட்ட பில் விவரங்களை, தரும். வெளி மருத்துவமனைகளிலும் வெளி மருத்துவர்களிடமும் நடந்தவைகூட அதில் இருக்கும். முதல் ஆண்டிலேயே விலையுயர்ந்த மக்கள்நல மேலாண்மை மென்பொருளை வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளமும், கிளெய்ம் தெரிந்த ஒரு பகுப்பாய்வாளரும் போதும். எக்செலில் திறக்க முயலாதீர்கள்: ஒரு தாளில் 10,48,576 வரிசைகளுக்கு மேல் நிற்காது, மிச்சம் வெட்டுப்படும். வெட்டுப்பட்ட கோப்பை வைத்து இரண்டு வாரம் தவறான கணக்கு பார்த்த பிறகே எங்களுக்கு இது தெரிந்தது.

பணம் கொடுத்து வாங்க வேண்டியது ஏடிடி அறிவிப்புச் சேவை. நோயாளியின் அனுமதி, இடமாற்றம், வீடு திரும்புதல் ஆகியவற்றை அவருடைய மருத்துவருக்கு மின்னணு முறையில் தெரிவிப்பது 2021 மே முதல் மருத்துவமனைகளின் கடமை. கிளெய்ம் கோப்பு வந்து சேர்வதற்குள் நோயாளி மீண்டும் அனுமதிக்கப்பட்டிருப்பார். ஏடிடி அறிவிப்பு அன்றே வரும்.

ஏழாம் படி: இரண்டு வேலை நாட்களுக்குள் ஒரு தொலைபேசி அழைப்பு

நோயாளி வீடு திரும்பிய இரண்டு வேலை நாட்களுக்குள் அழைத்துப் பேசி, ஏழு அல்லது பதினான்கு நாட்களுக்குள் நேரில் பார்த்தால், அதற்கு மெடிகேர் தனிக் கட்டணமே தருகிறது. எங்கள் செவிலியர் ஓர் அழைப்பில், வீட்டிலுள்ள மருந்துப் புட்டிகளை எல்லாம் மேசைமேல் எடுத்துவைத்து ஒவ்வொன்றின் பெயரையும் வாசிக்கும்படி ஒரு பெரியவரிடம் கேட்டார். லிசினோபிரில் என்று ஒன்றை வாசித்தார். நான்காவது புட்டியில் ஜெஸ்ட்ரில் என்று வாசித்தார். இரண்டும் ஒரே இரத்த அழுத்த மருந்து. மருத்துவமனை தந்ததையும் பழையதையும் சேர்த்து மூன்று நாட்களாக விழுங்கிவந்திருக்கிறார். எழுந்தால் தலை சுற்றுகிறது என்று அதுவரை யாரிடமும் சொல்லவில்லை. அன்று மாலையே மருத்துவர் ஒன்றை நிறுத்தினார். அவர் கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை இத்துறையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. செவிலியரின் முதல் நேரத்தை இந்த அழைப்புகளுக்கே ஒதுக்குங்கள்.

பின்சேர்க்கை 1: 3.9 சதவீதத்தை எட்டாவிட்டால் ஒன்றுமே கிடைக்காதா என்று இருவர் கேட்டிருந்தார்கள். 2024 முதல் தொடங்கும் ஒப்பந்தங்களில், பேசிக் தடத்திலுள்ள குறைந்த வருமான ஏசிஓ தர நிலையை எட்டியிருந்தால் பாதிப் பங்கைப் பெறலாம். ஏ, பி நிலைகளில் அது 20 சதவீதம் வரை.

பின்சேர்க்கை 2: நீங்கள் செய்யாத செலவும் உங்கள் கணக்கில் ஏறும் என்பதைச் சிலர் நம்பவில்லை. 2023இல் கதீட்டர் எனப்படும் சிறுநீர் வடிகுழாய்களுக்கான பில்கள் சந்தேகத்துக்கிடமான அளவில் பெருகியதைக் கிளெய்ம் கோப்புகளில் முதலில் கவனித்தவர்களில் ஏசிஓக்களும் உண்டு. பிறகு சிஎம்எஸ் அந்த ஆண்டின் கணக்கிலிருந்து அந்த வடிகுழாய்களுக்கான இரண்டு பில் குறியீடுகளை நீக்கியது. மாதக் கோப்பு வந்ததும் மருத்துவ உபகரணப் பகுதியைத் தனியாகப் பார்க்கும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை 3: ஆண்டின் நடுவில் ஒரு சிகிச்சையகம் விற்கப்பட்டுப் புதிய டின்னுக்கு மாறினால் என்ன ஆகும் என்று ஒரு வாசகர் கேட்டார். புதிய டின்னை மறு ஜனவரிக்கு முன் சேர்க்க முடியாது. மாறிய நாளுக்குப் பிந்தைய சேவைகள் உங்கள் பெயரில் வராததால் அவர்களுடைய நோயாளிகளில் பலரை இழக்க நேரலாம். ஏற்கெனவே உள்ள டின்னில் புதிய மருத்துவரைச் சேர்ப்பதற்கு இந்தத் தடை இல்லை. ஆகவே உறுப்பு ஒப்பந்தத்தில், டின் மாற்றம் எதுவாயினும் ஜனவரி முதல் நாளில்தான் நடைமுறைக்கு வர வேண்டும், அதுபற்றி ஆறு மாதங்களுக்கு முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்ற இரண்டு வரிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்; எங்கள் ஒப்பந்தத்தில் இப்போது அவை இருக்கின்றன.